ஒரு சொட்டு எண்ணெய்

ஆகஸ்ட் 9, சனி

இன்று என்னைக் காட்டிக் கொடுத்தது ஒரு தெருநாய்.

பேருந்து நிலையத்திலிருந்து வீடு வரைக்கும் என் கால்சட்டைப் பையை முகர்ந்துகொண்டே வந்தது. பையில் மனைவி வளர்மதிக்காக ஒளித்து வைத்திருந்த முட்டைப் புரோட்டா. பொட்டலம் கிழிந்து சால்னா கசிந்து இறங்கி, நாற்பத்தாறு வயது மனிதன் எந்த இடத்தில் கறையோடு வீடு திரும்பக்கூடாதோ சரியாக அந்த இடத்தில் கறை. வாசலில் என் அக்கா பாக்கியம். கூடவே பக்கத்து வீட்டு அம்மாளும்.

"என்னடா அது?"

"வெத்தலைக் கறைக்கா."

"வெத்தலைக்கு எதுக்குடா நாய் வாலாட்டுது?"

பக்கத்து வீட்டு அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்குப் பின்னால் மகள் சுபி சுவரைப் பிடித்து நடந்து வந்தாள். அக்கா அவள் உதட்டை ஒரு விரலால் துடைத்து, அந்த விரலை வெளிச்சத்தில் பார்த்தாள். பளபளவென்று இருந்தது. விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

சுபியின் நடை: பேருந்து நிலையத்தில் என் கையை விட்டுவிட்டு டீக்கடை வரைக்கும் தனியாகப் போனாள்.

இதைத்தான் எழுதச் சொன்னார் டாக்டர் ஜெசிந்தா. பிள்ளை எப்படி நடக்கிறாள் என்று தினம் ரெண்டு வரி. டைரி எங்கள் பார்சல் கம்பெனி இனாமாகக் கொடுத்தது. ரெண்டு வரியில் நிறுத்தத் தெரிந்தவன் என்றால் நான் பன்னிரண்டாம் வகுப்பில் பெயிலாகியிருக்க மாட்டேன்.


ஆகஸ்ட் 10, ஞாயிறு

வீட்டில் பஞ்சாயத்து. குற்றவாளி நான்.

விஷயத்தை ஒழுங்காக எழுதிவிடுகிறேன், பிறகு எனக்கே மறந்துபோகும். சுபிக்குப் பதினாறு வயது. பதிமூன்றில் நடை தள்ளாட ஆரம்பித்தது. இருட்டில் நிற்கச் சொன்னால் சாய்வாள். எழுத்து கோணியது. திண்டுக்கல்லில் ஒரு டாக்டர், பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறாள் என்றார். இன்னொருவர் மனசு டாக்டரிடம் போகச் சொன்னார். மூன்று வருஷம் இப்படியே போயிற்று. மதுரையில் ஜெசிந்தா டாக்டர்தான் முட்டியில் சுத்தியலால் தட்டிப் பார்த்து, ரத்தம் எடுத்து, வெளியூருக்கு அனுப்பிக் கண்டுபிடித்தார்.

வைட்டமின் ஈ என்று ஒன்று நரம்புக்கு வேண்டும். சாப்பாட்டிலிருந்து அது கல்லீரலுக்கு வந்து சேரும். அங்கே ஒரு புரதம் அதைப் பிடித்துக்கொண்டு போய் ரத்தத்தில் ஏற்றிவிட வேண்டும். அந்தப் புரதத்தைச் செய்கிற மரபணு சுபிக்குப் பழுது. டி.டி.பி.ஏ. என்று பெயராம். லாரி நம்பர் மாதிரி இருக்கிறது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. "குடோனுக்கு சரக்கு வருது. அதைத் தூக்கி அடுத்த லாரியில ஏத்துற லோடுமேன் இல்ல. அதானே டாக்டர்?" என்றேன். "அதேதான்" என்றார். வாழ்க்கையில் ஒரு கேள்விக்குச் சரியான பதில் சொன்னது அன்றைக்குத்தான். மருந்தும் சுலபம். நிறைய மாத்திரையாகச் சரக்கைக் கொட்டிக்கொண்டே இருந்தால் லோடுமேன் இல்லாமலே கொஞ்சம் லாரியில் விழுந்துவிடும். காலம் முழுக்கக் கொட்ட வேண்டும். போன நரம்பு திரும்புவது கஷ்டம், இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார்.

ஏப்ரலிலிருந்து மாத்திரை. காலையில் ரெண்டு, ராத்திரி ரெண்டு. அதே மாதம் அக்கா ஒரு வைத்தியரைப் பார்த்துவிட்டு வந்தாள். நரம்பில் கொழுப்பு அடைத்திருக்கிறது, ஆறு மாதம் கடும் பத்தியம் என்று அவர் சொல்லிவிட்டார். எண்ணெய், நெய், தேங்காய், கடலை, முட்டை எதுவும் ஆகாது. மாத்திரையை அழுத்திப் பார்த்த அக்கா, "இதுக்குள்ளயும் எண்ணெய்தானடா இருக்கு, பத்தியச் சோத்தோட சேரக்கூடாது" என்று காலையில் உள்ளதை விடிகாலை வெறும் வயிற்றுக்கும், ராத்திரியில் உள்ளதைப் படுக்கும் நேரத்துக்கும் மாற்றினாள். சீட்டில் சாப்பாட்டுக்குப் பிறகு என்று போட்டிருந்தது. சொன்னேன். "சீட்டு எழுதுனவளா வந்து சமைக்கிறா?" என்றாள். விட்டுவிட்டேன்.

அக்காவைக் குறை சொல்லவும் முடியாது. நாலு வருஷத்துக்கு முன்னால் அத்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். எண்ணெய்ப் பண்டம்தான் அவரைக் கொண்டுபோயிற்று என்று அவள் நம்புகிறாள். பிள்ளையில்லை. எங்களோடு வந்துவிட்டாள். வளர்மதி மில்லில் ஷிப்ட்டுக்குப் போவதால் அடுப்படி முழுக்க அக்கா கையில்.

நான் செய்தது இதுதான். டியூசன் விட்டுக் கூட்டிவரும்போது வாரத்தில் நாலு நாள் சுபியைப் புரோட்டாக் கடையில் உட்கார வைத்துவிடுவேன். அவித்த கீரையையும் ரசத்தையும் தின்று தின்று பிள்ளை முகம் செத்துக் கிடந்தது. ராத்திரி மாத்திரை அப்போது என் பொறுப்பு, அதையும் அங்கேயே போட்டுவிடுவாள். நாலு மாதமாக நடந்த திருட்டு. பாவம் செய்கிறேன் என்று தெரிந்தேதான் செய்தேன். ஜூலையில் ரத்தம் பார்த்தபோது அளவு நன்றாக ஏறியிருந்தது. டாக்டர் கைகொடுத்தார். அக்கா பத்தியத்துக்குக் கும்பிடு போட்டாள். நான் புரோட்டாவை நினைத்து வெட்கப்பட்டேன்.

இன்றைக்கு அக்கா கேட்டது ஒன்றுதான்.

"அந்தப் பிள்ள நரம்புல நீயே விஷத்த ஊத்துறியேடா. உங்க அத்தான் போனதப் பாத்தவன்தான நீ?"

"இனிமே இல்லக்கா."

"வாயால சொன்னா ஆச்சா? அவ தலையில கைய வச்சுச் சொல்லு."

சுபி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். நான் கை வைத்துச் சொன்னேன். என் பிள்ளைக்கு ஒரு சொட்டு எண்ணெய் நான் வாங்கித் தரமாட்டேன் என்று.

ஷிப்ட் முடிந்து வந்த வளர்மதி எல்லாம் கேட்டுவிட்டு, "எனக்கு வாங்குன புரோட்டா எங்க மச்சான்?" என்றாள்.

"நாய்க்குப் போட்டுட்டேன்."

"அது குடுத்து வச்ச நாய்."


ஆகஸ்ட் 21, வியாழன்

பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள். விளையாட்டு வாத்தியார், தலைமை ஆசிரியர், நான். சுபியை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள்.

விளையாட்டு வாத்தியார் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க. பிள்ளை கிரவுண்டுல தள்ளாடுது. பேச்சும் குழறுது. இப்ப காலம் கெட்டுக் கெடக்கு. ஏதாவது பழக்கம் இருக்கான்னு பெத்தவங்கதான் பாக்கணும்."

தப்பாக எடுத்துக்கொள்ளாமல் எப்படி எடுத்துக்கொள்வது என்று அவரே சொல்லித் தந்திருக்கலாம்.

"சார், ஏப்ரல்லயே டாக்டர் சர்ட்டிபிகேட் குடுத்திருக்கேன்."

"அது ஆபீஸ்ல இருக்கும். எனக்கு யாரும் சொல்லல."

"நான் வேணா ஊதிக் காட்டவா? நீங்களும் ஊதுங்க. ரெண்டு பேருல யாருக்குப் பழக்கம் இருக்குன்னு பாத்துருவோம்."

தலைமை ஆசிரியர் நடுவில் கையை நீட்டினார். நான் மேசையில் ஓங்கித் தட்டப் போனேன், தண்ணீர் டம்ளரில் பட்டு, அவருடைய வருகைப் பதிவேடு நனைந்தது. ஆத்திரப்படுவதற்கும் ஒரு லட்சணம் வேண்டும். கைக்குட்டையால் துடைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பெஞ்சில் சுபி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "அப்பா, நான் குடிச்சாலாவது நேரா நடப்பேனோ என்னமோ" என்றாள். நான் சிரித்தேன். அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.


ஆகஸ்ட் 30, சனி

புரோட்டாக் கடைக்கு எதிர்ப்பக்கமாக நடந்தோம். மாஸ்டர் கல்லில் தட்டிக்கொண்டே, "என்னண்ணே, வேற கடை பாத்துட்டீகளா?" என்று கத்தினார். சுபி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.


செப்டம்பர் 7, ஞாயிறு

மாத்திரை தீர்ந்தது. வழக்கமான கடை பூட்டியிருந்தது, வேறு கடைக்குப் போனேன். கவுண்டரில் நின்ற ஆள் மாத்திரைப் பேரைப் பார்த்துவிட்டு, "முகத்துக்கா, முடிக்கா?" என்றார்.

"நரம்புக்கு."

"அட, இதைப் பொண்ணுங்க குத்தி மூஞ்சியில தடவுவாங்கண்ணே. நரம்புக்கு இதா? யாரு எழுதுனது? இம்புட்டு அட்டை வேற கேக்குறீங்க, பியூட்டி பார்லர் வச்சிருக்கீங்களா?"

பின்னால் நின்ற ரெண்டு பேர் சிரித்தார்கள். நானும் முதலில் சிரித்தேன், பழக்கதோஷம். பிறகு அவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னேன். அதை இங்கே எழுதமாட்டேன், இது கம்பெனி டைரி. எங்கள் லாரி கிளீனர்கள்கூடப் பெண்கள் இல்லாத இடத்தில்தான் அதைச் சொல்வார்கள். மாத்திரையை வாங்காமலே வந்துவிட்டேன். வேறு கடை தேடி மூன்று தெரு நடந்து வாங்கினேன்.

நடை: கதவு நிலையைப் பிடிக்காமல் வெளியே வர யோசிக்கிறாள்.


செப்டம்பர் 19, வெள்ளி

சட்டைப் பித்தான் போட முடியவில்லை. போன மாதம் போட்டாள்.


செப்டம்பர் 23, செவ்வாய்

தண்ணீர் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி மார்பில். நான் பார்க்காத மாதிரி பேப்பர் படித்தேன். பேப்பர் தலைகீழாக இருந்தது என்று சுபி சொன்னாள்.

ஆபீசில் இன்றைக்கு ஒரு லோடுமேனைக் காரணமில்லாமல் வைதேன். மதுரைப் பார்சலைத் தேனி வண்டியில் ஏற்றிவிட்டான், அவ்வளவுதான். "ஏண்ணே, மனுசன்தானண்ணே, மாறிப்போச்சு" என்றான். ஏற்றுவதற்கு ஓர் ஆள் இருக்கிறானே என்று சந்தோஷப்படாமல் அவனைப் போய் வைதேன்.


செப்டம்பர் 28, ஞாயிறு

அக்காவுக்கும் வளர்மதிக்கும் இன்று வாய்த்தகராறு. வீட்டில் ஞாயிற்றுக்கிழமை இருந்தது என் தப்பு.

அக்கா கடுகு தாளிப்பதைக்கூட நிறுத்திவிட்டாள். பிள்ளை மோசமாகிறாளே என்ற பயத்தில் பத்தியத்தை இறுக்குகிறாள். சுபிக்குக் கஞ்சி, அவித்த பீர்க்கங்காய். வளர்மதி தட்டைப் பார்த்துவிட்டு, "சீக்காளிக்கு எண்ணெய் இல்லாமக் குடுக்கலாம் மதினி, ருசி இல்லாமயுமா?" என்றாள்.

"ருசி பாக்குற நேரமா இது? எங்க பக்கத்துல யாருக்காவது இப்படி ஒரு சீக்கு வந்துருக்கா? எங்கிட்டு இருந்து வந்துச்சுன்னு யோசிச்சுப் பாரு."

வளர்மதி என் தாய்மாமன் மகள். வெளியில் பெண் எடுக்கக்கூடாது, சொந்தம் விட்டுப்போகக்கூடாது என்று ஒற்றைக் காலில் நின்று முடித்து வைத்தவள் அக்காதான். வளர்மதி ஷிப்ட்டுக்குத் தலை வாரிக்கொண்டே சொன்னாள்:

"டாக்டரம்மா என்ன சொன்னாக? அம்மாகிட்ட இருந்து ஒண்ணு, அப்பாகிட்ட இருந்து ஒண்ணு, ரெண்டும் பழுதா வந்தாத்தான் இந்தச் சீக்கு. உங்க அம்மாவும் எங்க அப்பாவும் ஒரே வயித்துல பொறந்தவுக மதினி. இதுல உங்க பக்கம் எது, எங்க பக்கம் எது? நீங்க சேத்து வச்ச சொத்து, முழுசா எம் பிள்ளைக்கு வந்துருச்சு."

அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள். போகுமுன் ரெண்டு பேருமே என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அது சுற்றிக்கொண்டிருந்தது.


அக்டோபர் 5, ஞாயிறு

குளியலறையில் விழுந்துவிட்டாள். புருவத்துக்கு மேல் மூன்று தையல். தையல் போட்ட டாக்டர், "வீட்டுல அடிச்சீங்களா?" என்று கேட்டார். கேட்க வேண்டியது அவர் கடமையாம்.

இனிமேல் கையில் தாங்குகட்டை இல்லாமல் நடக்கமுடியாது. நாலு கால் வைத்தது ஒன்று வாங்கிவந்தேன். சுபி அதைப் பிடித்து நின்று, "அப்பா, இப்ப எனக்கு ஆறு காலு. பூச்சி வகை" என்றாள். பேச்சு அவ்வளவு குழறுகிறது, ரெண்டு தடவை சொல்ல வைத்தேன். ரெண்டாவது தடவையும் சிரிக்க வேண்டியிருந்தது.

இந்த மாத்திரை மோசடி. அந்த மருந்துக்கடைக்காரன் சொன்னதுதான் சரி. மூஞ்சியில் தடவுகிற சாமானைக் கொடுத்து அந்த டாக்டரம்மா எங்களை ஏமாற்றியிருக்கிறார். நாளைக்கே ரத்தம் கொடுத்துவிட்டு, வியாழக்கிழமை போய்க் கேட்கப்போகிறேன். நாற்காலியில் உட்காரக்கூட மாட்டேன். நின்றுகொண்டே கேட்பேன்.


அக்டோபர் 9, வியாழன்

நின்றுகொண்டுதான் கேட்டேன். பேருந்தில் மதுரை வரைக்கும் வசனம் மனப்பாடம் செய்திருந்தேன். வளர்மதிக்கு லீவு கிடைக்கவில்லை. அக்காவும் சுபியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"டாக்டர், போன தடவ இந்தப் பிள்ள இந்த ரூமுக்குள்ள தானா நடந்து வந்துச்சு. இப்ப கட்டையப் பிடிச்சு வருது. இதுக்கு நீங்க பதில் சொல்லணும்."

அவர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார். பிறகு ஜூலையில் எடுத்ததைப் பார்த்தார். மறுபடி இதைப் பார்த்தார்.

"ஜூலையில நல்லா ஏறியிருந்துச்சே. இப்ப ஆரம்பத்துல இருந்த இடத்துக்கே போயிருச்சு. மாத்திரைய நிறுத்திட்டீங்களா?"

"ஒரு வேளை விட்டிருந்தா என்னச் செருப்பால அடிங்க. உங்க மாத்திரைதான்…"

அக்கா முந்திக்கொண்டாள். "நான்தாம்மா குடுக்குறேன். காலையில ஆறு மணிக்கு. ராத்திரி படுக்கப் போறப்ப. இப்பல்லாம் இவன்கிட்ட விடுறதே இல்ல."

"ஆறு மணிக்கு என்ன சாப்பிடுவா?"

"வெறும் வயித்துலம்மா. அதுக்குள்ள எண்ணெய் இருக்குல்ல? பத்தியச் சோத்தோட சேரக்கூடாதுல்ல."

"என்ன பத்தியம்?"

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். மார்க் அட்டையை நீட்டுகிற பிள்ளையின் முகம் அவளுக்கு. "ஒரு சொட்டு எண்ணெய் கிடையாதும்மா. நெய் கிடையாது. தேங்கா, கடலை, முட்டை கண்ணுல காட்டுறதில்ல. பால்கூட ஆடை எடுத்துத்தான். தாளிக்கிறதயும் இப்ப விட்டுட்டேன். ஏப்ரல்ல இருந்து ஒரு நாள் பிசகல. இவன் நடுவுல திருட்டுத்தனம் பண்ணான், அதையும் நிறுத்திட்டேன்."

டாக்டர் பேனாவை மூடிவைத்தார். பிறகு அக்காவைப் பார்த்து மெதுவாகப் பேசினார்.

"அம்மா, வைட்டமின் ஈ தண்ணியில கரையாது. எண்ணெயிலதான் கரையும். எண்ணெய், நெய் இருக்குற சாப்பாட்டோட போனாத்தான் குடல் அத உள்ள இழுக்கும். வெறும் வயித்துல போட்டா முக்காவாசி வந்த வழியே வெளிய போயிரும். மத்தவங்களுக்கே அப்படி. இவளுக்குக் கல்லீரல்ல அதப் பிடிச்சு ஏத்துற புரதமும் இல்ல. அதனாலதான் அவ்வளவு மாத்திரை. அதுவும் உள்ளயே வரலைன்னா…"

அவர் முடிக்கவில்லை. நான் முடித்தேன். எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை, உட்கார்ந்திருந்தேன்.

"குடோனுக்கே சரக்கு வரல."

"வரல."

அக்கா, "எண்ணெய் நரம்ப அடைக்கும்னு…" என்றாள்.

"அப்ப ஜூலையில எப்படி ஏறுச்சு?" என்று டாக்டர் தனக்குள் கேட்டுக்கொண்டார். "நடுவுல என்ன திருட்டுத்தனம்?"

சுபிதான் சொன்னாள். நிறுத்தி நிறுத்தி, ஒவ்வோர் எழுத்தையும் தூக்கி வைக்கிற மாதிரி.

"புரோட்டா. சால்னா. அப்பா வாங்கிக் குடுப்பாரு. ராத்திரி மாத்திரைய அங்கயே போட்டுருவேன். ஆகஸ்ட்டுல அத்தை நிறுத்திட்டாங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னைப் பார்த்தார். "சாப்பாட்டுக்கு அப்புறம்னு எழுதுனேன். என்ன சாப்பாடுன்னு கேக்கல. முதல் நாளே நான் கேட்டிருக்கணும். என் தப்பு" என்றார்.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சண்டை போடுவதற்கென்று வந்தவன் கையிலிருந்த கல்லை அவரே வாங்கி மேசையில் வைத்துவிட்டார். இனி நான் யார் மேல் எறிவது?

"போனது திரும்புமா?"

"கொஞ்சம் வரலாம். எவ்வளவுன்னு என்னால சொல்ல முடியாது. இன்னையில இருந்து ஒழுங்காப் போட்டா இதுக்கு மேல போகாது. நல்லா எண்ணெய் ஊத்திச் சமைங்க. புரோட்டா வேணாம், ஆனா புரோட்டாவே பரவால்லன்னு இருக்கு எனக்கு."

திரும்பி வரும்போது பேருந்தில் அக்கா ஜன்னல் பக்கம். சுபி நடுவில். அக்கா பக்கம் நான் திரும்பவில்லை. சமயநல்லூரில் ஒருத்தன் வறுத்த கடலை விற்றுக்கொண்டு ஏறினான். சுபிக்கு ஒரு பொட்டலம் வாங்கினேன். அவள் தின்றாள். கடலை உடைகிற சத்தம் திண்டுக்கல் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தது.


அக்டோபர் 10, வெள்ளி

அக்காவிடம் பேசவில்லை. அவளும் பேசவில்லை.

வளர்மதியிடம் நேற்றே சொல்லிவிட்டேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அடுப்படிக்குப் போய், மேல் பலகையில் துணி சுற்றிக் கட்டிவைத்திருந்த எண்ணெய்த் தூக்கை இறக்கினாள். தோசைக்கல் முங்க ஊற்றினாள். முதல் தோசையைச் சுபிக்கு, மாத்திரையோடு. அக்கா அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள். வளர்மதி அவளுக்கும் ஒரு தட்டு வைத்தாள். அக்கா தொடவில்லை.

இன்று காலையில் துணி காயப்போட்டுக்கொண்டே வளர்மதி கேட்டாள்: "சீட்டுல சாப்பாட்டுக்கு அப்புறம்னு போட்டுருந்துச்சுல்ல மச்சான். நீங்கதான படிச்சீக?"

குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனேன். குழாயில் தண்ணீர் வரவில்லை. ஆனாலும் நின்றேன்.


அக்டோபர் 12, ஞாயிறு

அந்த வைத்தியரைத் தேடிப் போனேன். சட்டையைப் பிடிக்கவேண்டும் என்றுதான். வீடு பூட்டியிருந்தது. ஊருக்குப் போயிருக்கிறாராம், மகள் பிரசவத்துக்கு. பேரப்பிள்ளை பிறந்திருக்கிறது என்று பக்கத்தில் மிட்டாய் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். தின்றுவிட்டேன். இப்படிப்பட்டவன் யார் சட்டையைப் பிடிக்கமுடியும்?


அக்டோபர் 14, செவ்வாய்

சுபியைப் புரோட்டாக் கடைக்குக் கூட்டிப்போனேன். தலையில் கைவைத்துச் செய்த சத்தியம் என்ன ஆவது என்று கேட்டாள். "டாக்டர் தள்ளுபடி பண்ணிட்டாங்க" என்றேன்.

மாஸ்டர் தாங்குகட்டையைப் பார்த்தார். கேட்காமலே ரெண்டு கரண்டி எண்ணெய் கூடுதலாக விட்டார். சுபி பிய்த்துத் தின்பதற்குள் பாதி மடியில் விழுந்தது. துடைத்துவிடப் போனேன்.

"நான் பாத்துக்கறேன். நீங்க அத்தைகிட்டப் பேசுங்கப்பா."

"பேசுறேன்."

"எப்ப?"

"தின்னு."


அக்டோபர் 18, சனி

நடை: நேற்று மாதிரியே. டாக்டர் சொன்னபடி, அதே மாதிரி இருப்பதே நல்ல செய்தி. ஒரு நல்ல செய்தி இவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அக்கா எல்லோருக்கும் சமைக்கிறாள். அவள் தட்டில் மட்டும் பத்தியச் சோறு. யாருக்குத் தண்டனை என்று கேட்க வாய் வந்தது. கேட்டால் பேசினதாகிவிடும்.


அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

விடிவதற்கு முன்னாலேயே அடுப்படியில் எண்ணெய் கொதிக்கிற சத்தம். நாலு வருஷமாகத் தீபாவளிக்கு இந்த வீட்டில் பலகாரம் கடையில் வாங்கினதுதான். அத்தான் போனதிலிருந்து அக்கா எண்ணெய்ச் சட்டி வைத்ததில்லை.

எழுந்து பார்த்தால், அக்கா முக்காலியில் உட்கார்ந்து உளுந்த வடை தட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறாள். கையில் சூடு பட்ட இடத்தில் மாவைத் தடவியிருந்தாள். பழக்கம் விட்டுப்போயிருக்கிறது.

சுபிக்கு வளர்மதி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாள். தலையிலிருந்து வழிந்த எண்ணெயை விரலால் வழித்து அம்மா மூக்கில் தடவிவிட்டுச் சுபி சிரித்தாள். புதுச் சட்டையின் பித்தானை நான்தான் போட்டுவிட்டேன். அக்கா நாலு வடையும் ரெண்டு மாத்திரையும் ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தாள். சுபி தின்று, விழுங்கி, தண்ணீர் குடித்து முடிக்கும் வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். "வாயைத் திற" என்று வேறு பார்த்தாள். "நான் என்ன சின்னப் பிள்ளையா அத்தை?" என்றாள் சுபி. குழறல்தான், ஆனால் ஒரே தடவையில் எனக்குப் புரிந்தது. புரிந்ததா, நான் புரிந்ததாக நினைத்துக்கொண்டேனா தெரியவில்லை.

தெருவில் வெடிச் சத்தம். நான் கொல்லைப்பக்கம் போய்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தேன். அக்கா எனக்கும் ஒரு தட்டு கொண்டுவந்தாள். வைத்துவிட்டுப் போகவில்லை.

"தம்பி. ஒண்ணு கேப்பேன். மறைக்காமச் சொல்லு."

நான் ஒரு வடையைப் பிட்டு வாயில் போட்டேன். கொதிக்கக் கொதிக்க இருந்தது.

"அந்தப் பிள்ள கால நான்தான் கெடுத்தேனா?"

வீட்டுக்குள் தாங்குகட்டை நகர்கிற சத்தம். டக். கொஞ்சம் இடைவெளி. டக். சுபி வாசலுக்கு வெடி பார்க்கப் போகிறாள். அக்காவின் கண் என் வாயிலேயே இருந்தது. அவள் முகத்தில் மாவும் வியர்வையும். ஆகஸ்ட்டிலிருந்து எனக்குள் சேர்ந்த ஆத்திரம் அத்தனையும், வாத்தியாருக்கு, மருந்துக்கடைக்காரனுக்கு, வைத்தியனுக்கு, டாக்டருக்கு என்று வைத்திருந்தது எல்லாம், திரும்பி வந்து அவள் ஒருத்தி முன்னால் நின்றது.

"வடையில உப்பு கம்மிக்கா" என்றேன்.

அவள் என் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். நாலு வருஷத்துக்கப்புறம் அவள் தின்ற முதல் எண்ணெய்ப் பண்டம். மென்றாள்.

"சரியாத்தானடா இருக்கு."

"அப்ப என் நாக்குலதான் கோளாறு."

அவள் உப்பை இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று உள்ளே போனாள். நான் தொட்டித் தண்ணீரைக் கையால் அள்ளி அள்ளிக் குடித்தேன். வடை சுட்டதற்கு அவ்வளவு தண்ணீர் தேவையில்லை.

என் நாக்கில் ஒரு கோளாறும் இல்லை. அதன் நுனியில் ஒரு வார்த்தை உட்கார்ந்திருந்தது. ஆமாக்கா.